எங்கள் வீட்டுக் குழுவில் லோங்கேவாலா

செல்வி அத்தை: கார்த்தி போட்டுக்கொடுத்த பார்டர் படம், 1971 லோங்கேவாலா சண்டையைப் பற்றிய இந்திப் படம், நேற்று ராத்திரிதான் பார்த்து முடித்தோம். மூன்று மணி நேரம். அந்த பைரோன் சிங் சாகிற இடத்தில் என்னால் தாங்கவே முடியவில்லை. கட்டின பெண்டாட்டி அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள்!

பெரியப்பா: பைரோன் சிங் சாகவில்லை.

செல்வி அத்தை: அண்ணா, நான் கண்ணால் பார்த்தேனே

பெரியப்பா: நீ பார்த்தது சுனில் ஷெட்டி. நிஜ பைரோன் சிங் ராத்தோர் எல்லைப் பாதுகாப்புப் படைக்காரர். 1972ல் சேனா பதக்கம் வாங்கினார். 2022 டிசம்பரில் ஜோத்பூரில் காலமானார். படம் வந்தது 1997.

கார்த்தி: அப்போ படம் வந்து 25 வருஷம் உயிரோடு இருந்திருக்கிறாரா!! ஊரில் எத்தனை பேர் போய் விசாரித்திருப்பார்கள் 😄

கார்த்தி: அக்ஷய் கன்னா பாத்திரம்?

பெரியப்பா: லெப்டினன்ட் தரம்வீர். அவரும் பிழைத்தார்.

மாமா: சன்னி தியோலாவது செத்தாரா இல்லையா

தீபா: மாமா, அவர் படத்திலேயே சாகவில்லை. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். 2018 வரை இருந்தார்.

கார்த்தி: பெரியப்பா, அப்போ நம் பக்கம் மொத்தம் எத்தனை பேர்தான் இறந்தார்கள்?

பெரியப்பா: 2

மாமா: படத்தில் நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

செல்வி அத்தை: இரண்டே பேர் என்றால் படம் எடுக்க அதில் என்ன இருக்கிறது? எல்லாரும் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள் என்று காட்டினால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

பெரியப்பா: என்ன இருக்கிறதா? இரு, சொல்கிறேன். டைப் அடிக்க நேரமாகும்.

பெரியப்பா: 1971 டிசம்பர் 4 ராத்திரி. ராஜஸ்தான் பாலைவனம். 23 பஞ்சாப் படைப்பிரிவின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர். கூட நாலு ஒட்டகக்கார எல்லைப் படையினர். எதிரே பாகிஸ்தான் படை, 2000 பேருக்கு மேல், சுமார் 45 டாங்கி. லோங்கேவாலா, ராம்கர் வழியாக ஜெய்சல்மேரைப் பிடிப்பது அவர்கள் திட்டம்.

பெரியப்பா: ரோந்து போன தரம்வீருக்கு முதலில் காதில் விழுந்தது டாங்கிச் சத்தம்தான். தலைமையகம் கம்பெனித் தளபதி சாந்த்புரியிடம் சொன்னது, இருந்து சண்டை போடு, இல்லை ராம்கருக்குப் பின்வாங்கு. பின்வாங்க அவரிடம் வண்டி ஏது? கால்நடையாக மணலில் போனால் டாங்கி துரத்திப் பிடித்துவிடும். மேட்டில் இருக்கிற காவல் நிலையில் இருப்பதே மேல். இருந்தார்.

பெரியப்பா: இனிதான் முக்கியமான இடம். அவர்களின் காலாட்படை கிட்டே வந்து ஒரு மெல்லிய முள்கம்பியைப் பார்த்தது. கம்பி இருக்கிறதே, அப்போ உள்ளே கண்ணிவெடி வயல் இருக்கும் என்று நின்றுவிட்டார்கள். கண்ணி அகற்றும் ஆட்களை வரவழைத்துத் தேடினால் அப்படி ஒரு வயலே இல்லை! அவசரத்தில் புதைத்த சில கண்ணிகள்தான். அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

கார்த்தி: அய்யோ செம

கார்த்தி: ஆனால் நம் விமானங்கள் ஏன் ராத்திரியே வரவில்லை?

பெரியப்பா: ஜெய்சல்மேரில் இருந்த ஹண்டர் போர் விமானங்களுக்கு இருட்டில் பார்க்கிற கருவி கிடையாது. விடிகிற வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கீழே 120 பேர் ஜீப்பில் பொருத்திய பீரங்கியையும் சில மோர்ட்டாரையும் வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ராத்திரியைக் காட்டினால் போதாதா? செத்துச் செத்து விழ வைக்க வேண்டுமா?

தீபா: நானும் அவரும் ஜெய்சல்மேர் போனபோது லோங்கேவாலாவுக்கும் போனோம். பிடிபட்ட டாங்கி ஒன்றை மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள், பிள்ளைகள் ஏறி செல்ஃபி எடுக்கிறார்கள். ரோட்டை விட்டு இறங்கினால் கணுக்கால் புதைகிறது. அந்த மணலில் அத்தனை எடையுள்ள டாங்கி சிக்காமல் என்ன செய்யும்.

பெரியப்பா: நிறைய சிக்கின. விடிந்ததும் ஹண்டர் வந்தது. வெட்டவெளி, ஒளிய ஒரு மரம் இல்லை. மணலில் டாங்கித் தடம் கோடு போட்டதுபோல் தெரிந்திருக்கிறது. தடத்தின் நுனியில் டாங்கி. 30க்கு மேல் போயின.

தீபா: அப்பா விமானப்படையில் இருந்ததால் ஹண்டர் வந்ததும் எழுத்துப் பிழையே இல்லை, கவனித்தீர்களா 😂

பெரியப்பா: நான் சேர்ந்தது 1976ல். எனக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. வெற்றி விமானப்படையுடையதா தரைப்படையுடையதா என்று ஓய்வுபெற்ற அதிகாரிகளே பின்னாளில் சண்டை போட்டுக்கொண்டார்கள். விடியும் வரை பிடித்து நிற்க ஆள் இல்லாமல் போயிருந்தால் ஹண்டர் வந்து என்ன பயன்?

மாமா: இந்தப் படத்தோடு சேர்ந்த நிஜச் சாவு டெல்லியில்தான். 1997 ஜூன் 13, வெளியான அன்றே உப்ஹார் தியேட்டரில் மேட்னி ஓடும்போது தீ. கீழே கார் நிறுத்துமிடத்து டிரான்ஸ்பார்மரில் பற்றியது. பால்கனியில் மாட்டிக்கொண்டு புகையில் மூச்சு முட்டி 59 பேர்.

செல்வி அத்தை: கடவுளே. இது எனக்குத் தெரியாதே

பெரியப்பா: வெளியே போகும் வழிகளை அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். வழக்கு பல வருஷம் நடந்தது.

தீபா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை: என்ன தீபா போட்டாய்?

தீபா: மாவு மிஷின்காரருக்குப் போட்டது அத்தை, குழு மாறிவிட்டது

கார்த்தி: பெரியப்பா, கடைசியாக ஒன்று. விடிந்ததும் பாகிஸ்தான் விமானம் ஏன் வரவில்லை?

பெரியப்பா: அது அவர்கள் வீட்டுச் சண்டை. அந்தப் பக்கம் உதவ முடியாது என்று அவர்கள் விமானப்படை சொல்லிவிட்டது. கிட்டத்து ஜேக்கபாபாத் தளமும் தயாராக இல்லை. தெரிந்தும் தரைப்படை கிளம்பியது. அந்த டிவிஷன் தளபதியைப் பிறகு பதவியிலிருந்து தூக்கினார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து எடுத்தாலும் நல்ல படம்தான்.

கார்த்தி: தளபதி, மேலிடம், அறைக்குள் வாக்குவாதம்... நான் முதல் நாள் போவேன்

செல்வி அத்தை: எடுக்கட்டும். பாட்டு இருந்தால் நானும் வருகிறேன்.