ஹைப்யூரல் எலும்புக்குத் தமிழில் என்ன?

வணக்கம். தொல்மீன்களின் வாலெலும்புகளை இன்றைய மீன்களோடு ஒப்பிட்டுப் பரிணாமத்தை விளக்கும் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'ஹெட்டிரோசெர்கல்', 'ஹோமோசெர்கல்' இரண்டுக்கும் 'சமமற்ற வால்', 'சமச்சீர் வால்' என்று போட்டுவிட்டேன். 'ஹைப்யூரல்' வந்ததும் நின்றுவிட்டேன். முதுகெலும்பின் கடைசி முனைக்குக் கீழே விரிந்து, வால் துடுப்பின் கதிர்களைத் தாங்கும் எலும்புகள் இவை. 'விசிறியெலும்பு' சரிவருமா?

* * *

> சமச்சீர் வால்

இதுவே இடிக்கிறதே! ஹோமோசெர்கல் வால் வெளியே பார்க்கத்தான் சமச்சீர். தோலை உரித்தால் முதுகெலும்பின் முனை மேல்நோக்கித் திரும்பியிருக்கும். பாடத்தின் உயிரே அந்தக் கோணல்தான். சுறா, ஸ்டர்ஜன், டெவோனியன் காலத்துத் தொல்மீனான கெய்ரோலெபிஸ் எல்லாவற்றிலும் முதுகெலும்பு வாலின் மேல்மடலுக்குள் நீள்கிறது. இன்றைய பெரும்பாலான மீன்களில் அது சுருங்கிக் குட்டையாக நிற்கிறது. உள்ளும் புறமும் சீரான வால் வேண்டுமானால் நுரையீரல் மீனைப் பாருங்கள். 'சமச்சீர்' அதற்கே போகட்டும். ஹோமோசெர்கலுக்குப் 'புறச்சீர் வால்'.

'விசிறி'யும் வேண்டாம். ஸ்டர்ஜனில் ஹைப்யூரல்கள் ஒல்லியான குச்சிகளின் வரிசை. சூரையில் ஒன்றாக இணைந்த தகடு. உருவத்தை வைத்துப் பெயரிட்டால் ஒப்பீடே குழம்பும்.

(ஒரு கொசுறு: பழைய பாறைகளில் கோணல் வால் மீன்கள், இன்றைய மீன்களின் கருவிலும் அதே கோணல் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்த தொல்மீன் ஆய்வாளர் லூயி அகாசி, பரிணாமத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை.)

* * *

'சமம்' வடசொல் ஐயா. ஒவ்வாவால், ஒப்புவால் என்றால் என்ன குறைந்துவிடும்? வள்ளுவரே ஆண்ட 'என்பு' இருக்க எலும்பு எதற்கு? 'ஹைப்போ' கீழ், ஆகவே 'கீழ்வாலென்பு'. 'வால்' என்பதே வளைதலைக் குறிக்கும் வேரில் பிறந்தது என்பது என் துணிபு. வளையும் முனையைப் பேசும் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

* * *

வாலறிவனிலும் வளைப்பீர்களா ஐயா? அங்கே 'வால்' தூய்மை. தூய தமிழ் பேசும் உங்களுக்கு அந்த வால்தான் பொருந்தும் :-)

விளையாட்டு போகட்டும். 'கீழ்வால்' என்றதும் வகுப்பில் பிள்ளைகள் வாலின் கீழ்மடலைத்தான் நினைப்பார்கள். இன்றைய மீன்களில் ஹைப்யூரல் 1, 2 கீழ்மடலைத் தாங்குகின்றன. 3 முதல் மேலே உள்ளவை மேல்மடலை. மேல்மடலைத் தாங்கும் எலும்புக்குக் 'கீழ்வாலென்பு' என்று பெயர் வைத்துவிட்டுத் தேர்வில் யாரைத் திட்டுவது? பேசாமல் 'வாலடி எலும்பு' என்போம்.

* * *

இலக்கணப்படி பிழையில்லை, கீழே இருப்பது எலும்பு, மடல் அல்ல. பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் படம் வரைந்து காட்டுங்கள். 'என்பு' வழக்கொழிந்ததற்கும் இதே சாக்குதான்.

* * *

இரண்டும் வேண்டாம். எதற்குக் கீழே என்பதுதானே கேள்வி? முதுகுநாணின், அதாவது கருவில் முதுகெலும்புக்கு முன்பே தோன்றும் தண்டின், முனைக்குக் கீழே. 'நாணடி எலும்பு'. தொல்மீனுக்கும் பொருந்தும், குஞ்சுக்கும் பொருந்தும்.

* * *

'நாணடி' என்றால் வில்லடி மாதிரி இருக்கிறது. வாலடிக்கே என் வாக்கு.

* * *

எனக்கும் வாலடி. தூக்கம் வருகிறது.

* * *

எல்லோருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது. 'ஒவ்வாவால்', 'புறச்சீர் வால்', 'வாலடி எலும்பு' என்று அனுப்பிவிட்டேன். முதல்முறை வருமிடத்தில் மட்டும் 'ஹைப்யூரல்' அடைப்புக்குறிக்குள் இருக்கும். 'என்பு' பிழைக்கவில்லை, மன்னிக்கவும் ஐயா.

* * *

அனுப்பியது அனுப்பியதுதான். ஆனால் முதுகெலும்பு முனைக்கு மேலே இருக்கும் எப்யூரலும் வாலடியில்தானே இருக்கிறது? அடுத்த பாடத்தில் அது வரும்போது என்ன செய்யப் போகிறீர்கள்? நான் இன்னும் 'நாணடி'யில்தான் நிற்கிறேன்.