பிளாஸ்மா 6, 175% அளவு: பழைய செயலிகள் பொடியாகத் தெரிகின்றன, அமைப்பை மாற்றினால் எல்லாம் மங்குகிறது

வெண்திரை

14 அங்குல மடிக்கணினி, திரை 2880×1800. லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா 6 மேசைத்தளம், வேலேண்ட் (சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறை), அளவு 175%. கூடவே 24 அங்குல 1920×1080 மானிட்டர் ஒன்று, அது 100%-இல் இருக்கிறது.

புதிய செயலிகளில் ஒரு குறையும் இல்லை. தொல்லை மூன்றில்தான். ஜாவா 8-இல் ஓடும் பழைய ஸ்விங் (ஜாவாவின் சாளரக் கருவித்தொகுப்பு) கணக்கு மென்பொருளில் மெனுவைப் படிக்கவே முடியவில்லை. வைனில் (லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) ஓடும் விண்டோஸ் நிரலும் அப்படியே. கிம்ப் 2.10 படத்தொகுப்பியில் எழுத்து பரவாயில்லை, ஐகான்கள் ரொம்பப் பொடி.

திரை அமைப்புகளில் எக்ஸ்11-இல் (வேலேண்டுக்கு முந்தைய முறை) ஓடும் பழைய செயலிகளுக்கான தேர்வை, 'செயலியே பெரிதாக்கிக்கொள்ளட்டும்' என்பதிலிருந்து 'சிஸ்டம் பெரிதாக்கட்டும்' என்று மாற்றிப் பார்த்தேன். மூன்றும் பெரிதாகின, ஆனால் எண்ணெய்த்தாள் வழியாகப் பார்ப்பதுபோல் மங்கல். அதுவரை தெளிவாக இருந்த ஒரு எலெக்ட்ரான் (வலைத் தொழில்நுட்பத்தில் செயலி எழுதும் கட்டமைப்பு) செயலியும் சேர்ந்து மங்கிவிட்டது. கண் வலிக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்.

முனையம்

ஜிடிகே_ஸ்கேல்=2 (GDK_SCALE=2) என்று சூழல் மாறியில் போட்டுவிட்டு மறுபடி உள்நுழைந்து பாருங்கள்.

பிக்சல்காரர்

முனையம் சொன்ன மாறி சரிதான், ஆனால் அதை மொத்த அமர்வுக்கும் போடாதீர்கள். எக்ஸ்11-இல் ஓடும் ஜிடிகே3 (GTK, சாளரம் வரையும் கருவித்தொகுப்பு) செயலிகள் ஏற்கெனவே பெரிதான எழுத்தை இன்னொரு மடங்கு பெரிதாக்கிவிடும். ஜிடிகே2-இல் எழுதிய கிம்ப் 2.10 அந்த மாறியைக் கண்டுகொள்ளவே செய்யாது.

வெண்திரை, பொடியாகத் தெரிவதும் மங்குவதும் ஒரே கேள்வியிலிருந்துதான் வருகின்றன: பெரிதாக்கும் வேலை யாருடையது? செயலியிடம் விட்டால், அதற்குத் தெரிந்திருந்தால் தெளிவாக வரைந்துகொள்ளும். தெரியாவிட்டால் பொடியாகவே நிற்கும். சிஸ்டத்திடம் விட்டால், செயலி சின்னதாக வரைந்த படத்தை 1.75 மடங்கு இழுத்துக் காட்டும். ஒரு பிக்சலை ஒன்றேமுக்காலாக்க முடியாது, அதனால்தான் மங்கல். அந்தத் தேர்வு எல்லா எக்ஸ்11 செயலிகளுக்கும் பொது என்பதால் எலெக்ட்ரானும் மாட்டிக்கொண்டது.

ஆகவே அந்தத் தேர்வைப் பழையபடி 'செயலியே' என்று வைத்துவிட்டு, மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வைன்தான் சுலபம். அதன் அமைப்பு நிரலான வைன்சிஎஃப்ஜியைத் திறந்து, கிராபிக்ஸ் தாவலில் டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 96-இலிருந்து 168 ஆக்குங்கள் (96 × 1.75). எழுத்து, பொத்தான் எல்லாம் பெரும்பாலும் சேர்ந்தே வளரும்.

கிம்ப்பில் விருப்பங்களுக்குள் ஐகான் தீம் பகுதியில் ஐகான் அளவை நீங்களே கூட்டலாம். முடிந்தால் கிம்ப் 3-க்குப் போய்விடுங்கள். அது ஜிடிகே3, 2025-இல் வந்தது.

ஜாவாதான் கொஞ்சம் மெனக்கெட வைக்கும். லினக்ஸில் அடர்திரை ஆதரவு ஜாவா 9-இலிருந்துதான். முதலில் அதே மென்பொருளை ஜாவா 11-இல் ஓட்டிப் பாருங்கள். நேரே 17-க்குத் தாவ வேண்டாம். உள் வகுப்புகளைத் தொடும் பழைய நிரல்களை அது தடுத்துவிடும். ஓடினால், துவக்கும் வரியில் சன்.ஜாவா2டி.யுஐஸ்கேல் (sun.java2d.uiScale) என்ற பண்பை 2 ஆக்குங்கள். லினக்ஸில் முழு எண்தான் எடுபடும், 1.75 கொடுத்துப் பயனில்லை. அப்புறம் அந்த வரியை மெனுவிலிருந்து அந்தச் செயலியைத் துவக்கும் டெஸ்க்டாப் கோப்பில் மட்டும் எழுதி வையுங்கள். மற்ற ஜாவா நிரல்கள் தொந்தரவின்றி இருக்கும்.

பழம்பெட்டி

ஜாவா 11-இல் 'வகுப்பு இல்லை' என்று பிழை வந்தால், அது பெரும்பாலும் ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல் தரவைக் கையாளும் நூலகம்) ஆக இருக்கும். 11-இல் அதை ஜாவாவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதன் ஜார் கோப்புகளைத் தனியாக இறக்கி, வகுப்புப் பாதையில் சேர்த்தால் போதும்.

ஒன்றுமே ஒத்துவராவிட்டால் கேம்ஸ்கோப் இருக்கிறது, செயலியைத் தனிச் சாளரத்துக்குள் ஓட்டிப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. உள்ளே 1280×800, வெளியே 2560×1600 என்று கொடுத்து, முழு எண் பெருக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். சரியாக இரண்டு மடங்கு என்பதால் மங்காது, பிக்சல் விளிம்பு மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும். அது விளையாட்டுகளுக்காகச் செய்தது, துணைச் சாளரங்கள் சில சமயம் இடம் மாறி நிற்கும். அதனால் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்திரை

இருவருக்கும் மிக்க நன்றி! வைன் உடனே சரியாகிவிட்டது. கணக்கு மென்பொருளுக்கு ஜாக்ஸ்பி ஜார்களும் சேர்க்க வேண்டியிருந்தது, இப்போது 11-இல் ஓடுகிறது. மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிது, ஆனால் எழுத்து அவ்வளவு தெளிவு. கிம்ப்பும் பரவாயில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. அதே ஜாவா சாளரத்தை 24 அங்குல மானிட்டருக்கு இழுத்தால் எழுத்து லேசாக மென்மையாகிறதே, ஏன்?

பிக்சல்காரர்

எக்ஸ்11-க்குத் திரைக்கொரு அளவு என்ற ஏற்பாடு கிடையாது. இருக்கும் திரைகளில் பெரிய அளவை, உங்களுக்கு 175%-ஐ, பிளாஸ்மா எல்லா எக்ஸ்11 செயலிகளுக்கும் கொடுக்கிறது. 100% திரைக்கு வரும்போது அந்தப் படத்தைச் சுருக்கிக் காட்டுகிறது. அந்த மென்மை சுருக்குவதால் வருவது. நாள் முழுக்க கணக்கு வேலையென்றால் அந்தச் சாளரத்தை மடிக்கணினித் திரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரான் செயலியை நேரடி வேலேண்டில் துவக்கினால் அதற்கு இந்தச் சிக்கல் வராது. எது எக்ஸ்11 என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ஐஸ் நிரலை (சுட்டியைப் பார்க்கும் இரு கண்களைக் காட்டுவது) திறந்து சுட்டியை அந்தச் சாளரத்தின்மேல் நகர்த்துங்கள். கண்கள் தொடர்ந்தால் எக்ஸ்11, அசையாமல் நின்றால் வேலேண்ட்.