தங்கப் பந்து, தங்கக் காலணி: இன்னும் உறுத்தும் காட்சி எது?

நள்ளிரவு ரசிகன்:
2014 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப்போட்டி, ரியோவின் மாரக்கானா அரங்கம். ஜெர்மனியின் கோட்ஸே அடித்த கோலில் அர்ஜென்டினா தோற்றது எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். அதன்பின் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து வாங்க மெஸ்ஸியைக் கூப்பிட்டார்கள். போகிற வழியில் உலகக் கோப்பை, கையெட்டும் தூரத்தில். அதை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! விருது வாங்கும் மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு டிவியை அணைக்க மனம் வரவில்லை.

கோல்கம்பம்:
உருகுவது இருக்கட்டும், அந்த விருதே அவருக்குச் சேர வேண்டியதில்லை. நான்கு கோல்களும் லீக் சுற்றில். நாக் அவுட்டில் ஒன்றுகூட இல்லை. பாவம் என்றால் 2002இன் ஜெர்மன் கோல்கீப்பர் ஆலிவர் கான்தான். இறுதிப்போட்டிக்கு முன் ஆறு ஆட்டங்களில் விட்டது ஒரே கோல். யோகோஹாமா இறுதிப்போட்டியில் பிரேசிலின் ரிவால்டோ அடித்த பந்து கையிலிருந்து நழுவியது, ரொனால்டோ வலைக்குள் தட்டிவிட்டார். ஆட்டம் முடிந்ததும் மனிதர் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வாக்கெடுப்பு முன்பே முடிந்திருந்ததால் தங்கப் பந்து அவருக்கே. நானும் கோல்கீப்பர், அந்தக் கம்பம் என்னை விடுவதாயில்லை.

ஓரத்து ஆட்டக்காரன்:
தனிநபர் விருதிலேயே நிற்கிறீர்களே, ஃபேர் பிளே என்று நேர்மையான ஆட்டத்துக்கும் ஒரு விருது இருக்கிறதே! 2018, வோல்கோகிராட். போலந்திடம் 0-1 எனத் தோற்றுக்கொண்டே ஜப்பான் கடைசிப் பத்து நிமிடம் பின்வரிசையில் பந்தை உருட்டியது. அரங்கமே கூச்சலிட்டது. ஜப்பானுக்கும் செனகலுக்கும் மற்றக் கணக்கெல்லாம் சமம். செனகலுக்கு மஞ்சள் அட்டை 6, ஜப்பானுக்கு 4. அட்டை குறைவு என்பதால் ஜப்பான் அடுத்த சுற்றுக்குள்ளே, செனகல் வெளியே. நேர்மைப் புள்ளியில் தேறிய லட்சணம் அது! விருது என்னவோ ஸ்பெயினுக்குத்தான் போனது. செனகல் பக்கம் இருந்த மாமா ரிமோட்டை வீசிவிட்டு எழுந்து போனார்.

கணக்குப்பிள்ளை:
2010இல் அலுவலகக் கணிப்புப் போட்டியில் அதிக கோல் அடிப்பவருக்கான தங்கக் காலணிக்கு ஜெர்மனியின் முல்லர் என்று எழுதியவன் நான் மட்டும்தான். முல்லர், வியா, ஸ்னைடர், ஃபோர்லான் நால்வருக்கும் 5 கோல். விதியைக் காட்டியும் பணத்தைப் பங்குபோட்டுவிட்டார்கள். இனி நடத்துபவர்களுக்குச் சொல்கிறேன்: கோல் சமமானால் கோலுக்கு உதவிய பாஸ்கள்தான் தீர்மானிக்கும் என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். முல்லருக்கு அவை 3, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. பெனால்டி அடிப்பவர் யார் என்றும் பாருங்கள். 2018இல் இங்கிலாந்தின் ஹாரி கேன் அடித்த ஆறில் மூன்று பெனால்டி, ஒன்று வேறொருவர் அடித்து அவர் குதிகாலில் பட்டுப் போனது. மூன்றாம் இடப் போட்டியை அலட்சியம் செய்யாதீர்கள். 1958இல் பிரான்ஸின் ஃபோன்டெய்ன் அடித்த 13இல் நான்கு அந்த ஆட்டத்தில் வந்தவை. அரையிறுதியில் தோற்ற அணிக்காரரை உடனே பட்டியலிலிருந்து அடிப்பவர்கள்தான் எங்கள் அலுவலகத்தில் அதிகம்.