கடிதத்துக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும்? போன முறை தவறிவிட்டது

தூவல்:
வெளிநாட்டில் மகளோடு இருக்கும் என் பழைய ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஏ4 தாள் நான்கு, கூடவே அஞ்சலட்டை அளவில் இரண்டு புகைப்படங்கள். போன முறையும் நான்கு தாள்தான். சமையலறைத் தராசில் தாள்களை வைத்தபோது சரியாக 20 காட்டியது. கட்டணப் பட்டியலில் 20 கிராம் வரை முதல் படி. அதற்கான ஸ்டாம்பை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அவர் பாக்கிப் பணம் கட்டித்தான் கடிதத்தை வாங்கியிருக்கிறார். எனக்கு எழுதிய பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் உறையைப் படமெடுத்து அனுப்பிய பிறகே தெரிந்தது. மூலையில் ஆங்கில ‘டி’ எழுத்து, பக்கத்தில் பின்னம்போல இரண்டு எண்கள். எண்பதைத் தாண்டியவரை என் கடிதத்துக்காகச் சில்லறை தேட வைத்துவிட்டேன் என்பது மனத்தை அறுக்கிறது. இந்த முறை எவ்வளவு ஒட்டினால் சரியாக இருக்கும்?

முன்னாள் அஞ்சல் ஊழியர்:
நீங்கள் தாளை நிறுத்தீர்கள், உறையை விட்டுவிட்டீர்கள். தவறு அவ்வளவுதான். ஏ4 என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. வழக்கமான தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம். ஆகவே தாள் ஒன்றுக்கு 5 கிராம், நான்குக்கு 20. நீளவாக்கு உறை ஏறக்குறைய இன்னொரு 5 கிராம். ஒரு கிராம் கூடினாலும் அடுத்த படியின் கட்டணம் முழுதாக விழும்.

அந்த ‘டி’ கட்டணக் குறைவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து. பின்னத்தின் மேல் எண் நீங்கள் குறைத்த தொகை, கீழ் எண் உங்கள் நாட்டின் முதல் படிக் கட்டணம். அந்த விகிதத்தை வைத்துத்தான் அவருடைய நாட்டில் பாக்கியைக் கணக்கிடுவார்கள்.

உங்களைப்போல உறையில் மாட்டியவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு. 1840-இல் ரோலண்ட் ஹில்லின் சீர்திருத்தம் வரும்வரை பிரிட்டனில் தாளை எண்ணிக் கட்டணம் வாங்கினார்கள். உறையும் ஒரு தாளாகவே கணக்கில் சேரும். அதனால் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்தார்கள். கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே கட்டினார்.

கடிதப்பிரியை:
புகைப்படத்தை மறந்துவிடாதீர்கள். அந்த அளவுப் படம் ஒன்று ஏறத்தாழ 4 கிராம். மொத்தம் 33 அளவில் வரும் என்று நினைக்கிறேன்.

தராசையும் அப்படியே நம்ப வேண்டாம். சமையலறைத் தராசு சில கிராம்களில் தடுமாறும். முதலில் ஒரு கனமான கிண்ணத்தை வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாம்பு, பசை எல்லாம் சேர்த்துக் கடிதத்தைக் கிண்ணத்தில் நிறுத்திப் பாருங்கள். புதுத் தாள் இருபதை வைத்தால் 100 கிராம் வர வேண்டும். அதைக் கொண்டு தராசின் நேர்மையைச் சோதிக்கலாம்.

தடிமனும் முக்கியம். பன்னாட்டுச் சிறு கடிதத்துக்கு 165 x 245 மில்லிமீட்டர் அளவும் 5 மில்லிமீட்டர் தடிமனும்தான் எல்லை. படம் மடங்காமல் இருக்கத் தடித்த அட்டையைச் செருகினால் எடை, தடிமன் இரண்டும் ஏறும்.

தூவல்:
கிண்ணத்தோடு நிறுத்தேன், கடிதம் 34 கிராம். தராசு தாள்களுக்குச் சரியாக 100 காட்டியது. இன்னொன்று: பதில் எழுத அவர் செலவு செய்யக் கூடாது. எங்கள் நாட்டு ஸ்டாம்பை உள்ளே வைக்கலாமா?

முன்னாள் அஞ்சல் ஊழியர்:
பயன்படாது. ஸ்டாம்பு அதை வெளியிட்ட நாட்டில்தான் செல்லும். இதற்காகவே 1906-இல் ரோமில் கூடிய உலக அஞ்சல் ஒன்றிய மாநாடு பன்னாட்டுப் பதில் கூப்பனைக் கொண்டுவந்தது. அவர் அதை அங்குள்ள அஞ்சலகத்தில் கொடுத்து வெளிநாட்டுக் கடிதத்துக்கான ஸ்டாம்பு வாங்கிக்கொள்ளலாம். எல்லா நாடுகளும் அதை விற்பதில்லை, உங்கள் அஞ்சலகத்தில் கேளுங்கள். அதில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள். கூப்பனை உள்ளே வைத்த பிறகு மறுபடி நிறுத்துவிட்டு ஒட்டுங்கள்.

தூவல்:
கூப்பன் கிடைத்தது. எடை 35. இரண்டாம் படி ஸ்டாம்பை ஒட்டி, பெட்டியில் போடாமல் கவுன்டரிலேயே கொடுத்தேன். ஊழியர் தன் தராசில் வைத்துப் பார்த்து, சரி என்று சொல்லி என் கண்முன்னே முத்திரை குத்தினார். உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.