இணையத்தில் ஜவுளி விற்பது ஈரோட்டு வியாபாரிக்குக் கட்டுமா?

சென்னிமலைத் தறி:
போர்வையும் துண்டும் நெய்யும் வீட்டில் பிறந்தவன் நான். நம் பக்கத்து ஜவுளிக்காரர்கள் இணைய விற்பனையில் இப்போதே இறங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2007-இல் ஃபிளிப்கார்ட் புத்தகம் விற்கத் தொடங்கியது, 2013-இல் அமேசான் இந்தியாவில் கடை திறந்தது. "துணியைத் தொட்டுப் பார்க்காமல் எவன் வாங்குவான்" என்று அப்போது பேசினோம். இன்று குவாஹாட்டியில் இருப்பவர் கரூர் திரைச்சீலையைக் கைப்பேசியில் பார்த்தே வாங்குகிறார். 2023 அக்டோபரிலிருந்து, விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரி ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே, ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று, மாநிலத்துக்குள் இணையத் தளங்கள் வழியாகப் பொருள் விற்கலாம். இதற்கு மேல் எதற்குக் காத்திருக்கிறோம்?

கனிச்சந்தைக் கடை:
தம்பி, எதற்குக் காத்திருக்கிறோம் என்று நான் சொல்கிறேன். ஈரோட்டில் எங்கள் கனி மார்க்கெட் ஜவுளி வாரச் சந்தைக்கு வரும் கேரள வியாபாரி உருப்படிகளைப் பிரித்துப் பார்த்து, விலை பேசி, மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு போகிறார். அவருடைய எண் என் நோட்டில் இருக்கிறது. இணையத்தில் ஒற்றைப் போர்வை விற்றால் கமிஷன், அனுப்பும் செலவு, விளம்பரச் செலவு எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது என்ன? போன மாதம் திரும்பி வந்த ஒரு போர்வையைப் பிரித்தேன். லேபிள் கத்தரிக்கப்பட்டிருந்தது, மடிப்பு கலைந்திருந்தது, ஓரத்தில் குழம்புக் கறை. அதை இனிப் புதுச் சரக்கு என்று யாரிடம் கொடுப்பேன்? போக வர இரண்டு கூரியர் செலவும் என் தலையில்தான் விழுந்தது.

திருப்பூர்க் கணக்கர்:
வரியைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். நாம் விற்ற தொகையிலிருந்து தளங்கள் முன்கூட்டியே பிடித்துவைக்கும் வரிகள் இரண்டு. அவற்றில் ஜிஎஸ்டி டிசிஎஸ் 2024 ஜூலையில் அரை சதவீதமாகக் குறைந்தது, வருமான வரி டிடிஎஸ் அதே ஆண்டு அக்டோபரில் 0.1 சதவீதமாகக் குறைந்தது. இரண்டையும் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம், நட்டமில்லை. ஆனால் தம்பி சொன்ன குவாஹாட்டி வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டுமென்றால் அது வேறு மாநிலம் என்பதால், முதல் ரூபாயிலிருந்தே முழு ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.

உண்மையில் லாபத்தைத் தின்பது பெட்டியின் அளவு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடை, தராசு எடையைவிட அதிகமாக இருந்தால், பெரும்பாலான கூரியர்கள் அதற்குத்தான் பணம் வாங்குவார்கள். 40, 30, 20 அளவுள்ள அட்டைப்பெட்டிக்கு 4.8 கிலோ வரும். உள்ளே இரண்டு கிலோ விரிப்பு இருந்தாலும் அதே கட்டணம்தான். அட்டைப்பெட்டியை விட்டுவிட்டு, காற்றை அமுக்கி எடுத்து, தட்டையான பாலித்தீன் உறையில் அனுப்புகிறவர் பிழைத்துக்கொள்கிறார்.

சென்னிமலைத் தறி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், கணக்கர் அண்ணா. தொழிலைக் கற்றுக்கொண்டால் செலவு குறையும். கனி மார்க்கெட் அண்ணா, முன்பணம் கட்டிய ஆர்டரை மட்டும் எடுங்கள். கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்தினாலே வாசலில் வாங்காமல் திருப்பி அனுப்புவது வெகுவாகக் குறையும்.

கனிச்சந்தைக் கடை:
ஆர்டரும் அதோடு குறையும், தம்பி. அது கிடக்கட்டும், என் பெரிய கவலை வேறு. வாங்கியவர் யார், அடுத்த தீபாவளிக்கு என்ன வாங்குவார் என்பது தளத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நாளைக்கே கமிஷனை ஏற்றினால் நான் எங்கே போவேன்? வாடிக்கையாளரை இழந்த கடை வாடகைக்கு இருக்கும் கடைதான்.

பவானிக்காரி:
அண்ணா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் நிலைமை இன்னும் மோசம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துச் சுமார் இருபது ஆண்டுகள் ஆகின்றன. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகம். அப்படியிருந்தும் இணையத்தில் "பவானி ஜமக்காளம்" என்று தேடினால் விசைத்தறிச் சரக்கு அடிமட்ட விலையில் வரிசை கட்டி நிற்கிறது. குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊடு நூலை ஓட்டும் நாடாவைக் கைமாற்றி நெய்த அகல ஜமக்காளத்தைக் கையில் தூக்கினால் கனம் தெரியும். படத்தில் இரண்டும் ஒரே வண்ணப் பட்டைதான்.

சென்னிமலைத் தறி:
அக்கா, அதனால்தான் நாமே உள்ளே போக வேண்டும். தறியில் நெய்வதை வீடியோ எடுத்துப் போடுங்கள். மத்திய அரசின் முன்முயற்சியில் 2021 கடைசியில் உருவான, பல தளங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஓஎன்டிசி என்ற திறந்த வணிகப் பிணையத்தில், ஒரே தளத்தின் பிடியில் சிக்காமல் விற்க வழி இருக்கிறது. நாம் ஒதுங்கி நின்றால் அந்த இடத்தில் போலிச் சரக்கு உட்காரும்.

பவானிக்காரி:
வீடியோ நானும் போடுகிறேன், தம்பி. என் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் மலிவுச் சரக்கை வாங்குகிறார்களே! 2020-இல் வந்த இணைய வணிக விதிகளின்படி, பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதைக் காட்டியாக வேண்டும். அதேபோல, புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் பதிவு பெற்ற பயனாளர் எண்ணைக் காட்டாமல் "பவானி" என்ற பெயரில் எவரும் பட்டியலிடக் கூடாது என்றும் விதி வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கனி மார்க்கெட் வியாபாரிகளும் சேர்ந்து கைத்தறித் துறைக்கு மனுக் கொடுத்தால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அண்ணா, நீங்கள் வருவீர்களா?

கனிச்சந்தைக் கடை:
அதற்கு வருகிறேன், அம்மணி. செவ்வாய்க்கிழமை சந்தை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.