புதுப்பிப்பு: கூடைப்பந்தில் 5 அடி 9 அங்குல கார்டின் (பந்தை முன்னே கொண்டு செல்லும் ஆட்டக்காரர்) லேஅப் பிளாக் ஆகும் சிக்கல்

பள்ளியில் சுலபமாக விழுந்த லேஅப் (கூடையருகே ஓடிச்சென்று எம்பிப் போடும் ஷாட்) அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில், கூடையருகே நிற்கும் உயரமான சென்டர்களிடம் பிளாக் ஆகிறதே, அதாவது தட்டித் தடுக்கப்படுகிறதே என்று கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது ஃப்ளோட்டர் யோசனைதான். கூடைக்கு 8 - 10 அடி முன்பே, சென்டர் நெருங்குமுன் பந்தை உயரமாக மிதக்கவிட வேண்டும். ஒற்றைக்காலில் எம்பியபோது உடல் முன்னால் சரிந்து பந்து கூடையைத் தாண்டிப் போனது. இரு கால் ஊன்றி எம்பியதும் சரியானது. எடைப் பயிற்சி ஸ்கிரீன்களை (வழியில் நின்று மறிக்கும் எதிரணியினரை) தாண்டத்தான் உதவியது, லேஅப்புக்கு அல்ல.

எதிர்பாராத விஷயம் மூன்று புள்ளிக் கோடு. கூடையிலிருந்து அதன் தூரம் பள்ளியில் 19 அடி 9 அங்குலம், கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 22 அடி 1¾ அங்குலம். அங்கிருந்து பந்து விழாதவரை நம்மைத் தடுக்கும் டிஃபெண்டர் பின்வாங்கி நின்று வழியை அடைக்கிறார், ஃப்ளோட்டருக்கே இடமில்லை. முதலில் அந்த ஷாட்டைச் சரிசெய்யுங்கள்.