கையொப்பம் சரி என்றால் சர்வரில் ஏற்றிவிடலாமா?

வேர்ப்பயனர்: "டெவலப்பரின் பிஜிபி கையொப்பம் (கோப்பு அவருடைய ரகசியச் சாவியால் முத்திரையிடப்பட்டது என்று காட்டும் மின்னணு அடையாளம்) ஒத்துப்போனால், திறந்த மூல மென்பொருளை அலுவலக சர்வரில் நேரடியாக நிறுவலாம், மேற்கொண்டு சோதிப்பது நேர விரயம்" என்று தென்றல் நேற்று இங்கே தீர்ப்பு எழுதியிருக்கிறார். 2024இல் பின்கதவுடன், அதாவது வெளியாள் ரகசியமாக நுழையும் வழியுடன், வெளியான எக்ஸ்இசட் யூடில்ஸ் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளின் கையொப்பமும் சரியாகத்தான் இருந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஈராண்டுகளுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, பராமரிப்பாளர் பொறுப்பையும் பெற்றவரே தம் சாவியால் இட்ட கையொப்பம் அது.

தென்றல்: எதையும் முழுதாகப் படிக்கும் வழக்கம் தங்களுக்கு என்றுமே இருந்ததில்லை. பின்கதவை உயிர்ப்பிக்கும் எம்4 என்ற தொகுப்புக் கட்டளைக் கோப்பு, பதிவிறக்கத்துக்காக வெளியிடும் மூலநிரல் பொதியான டார்பாலில் மட்டுமே இருந்தது. மூலநிரலின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து தொகுத்தவர்களை அது தொட்டிருக்காது. குற்றம் டார்பாலுடையது, கையொப்பத்துடையது அல்ல.

வேர்ப்பயனர்: கையொப்பம் இடப்பட்டதே அந்த டார்பாலுக்குத்தான், ஐயா!

பழைய நிர்வாகி: லினக்ஸ் வழங்கலான டெபியனின் நிலைப்பதிப்புக்கு அந்தப் பின்கதவு வந்து சேரவே இல்லை. அலுவலகத்தில் நிலைப்பதிப்பைத் தவிர வேறெதையும் அனுமதிக்காத எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கூச்சல் வேடிக்கையாக இருக்கிறது.

வேர்ப்பயனர்: வந்து சேராததற்குக் கையொப்பமா காரணம்? டெபியனின் இன்னும் நிலைப்படாத சிட் பதிப்பில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் சேவை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு, விடாமல் துருவிய பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தியிராவிட்டால், தங்கள் நிலைப்பதிப்பும் ஒருநாள் அதே நூலகத்தை வரவேற்றிருக்கும். கையொப்பம் அப்போதும் சரியாகவே இருந்திருக்கும்.

பழைய நிர்வாகி: சென்ற ஆண்டு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி பற்றிய சண்டையிலும் தாங்கள் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள்.

வேர்ப்பயனர்: நல்ல வேளையாக நினைவூட்டினீர்கள். எஸ்எஸ்எச் சேவைக்குள் அந்த நூலகம் நுழைந்ததே, சில லினக்ஸ் வழங்கல்கள் சிஸ்டம்டிக்காகச் எஸ்எஸ்எச் நிரலில் சேர்த்த ஒட்டின் (திருத்தத்தின்) வழியாகத்தான். அன்று நான் சொன்னதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

தென்றல்: தன்னார்வலர்களை மட்டும் ஏன் குறிவைக்கிறீர்கள்? 2020இல் அம்பலமான சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், ஓரியன் என்ற வலையமைப்பு மேற்பார்வை மென்பொருளின் நச்சு கலந்த புதுப்பிப்பு அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழுடனேயே வாடிக்கையாளர்களுக்குப் போனது.

வேர்ப்பயனர்: என் கட்சிக்கு இவ்வளவு நல்ல சாட்சியை நானே தேடியிருக்க மாட்டேன். யார் சாவி என்பதைத்தான் கையொப்பம் காட்டும், சாவிக்காரரின் உள்நோக்கத்தை அல்ல. எக்ஸ்இசட் கையொப்பம் செல்லுமா, செல்லாதா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

தென்றல்: கேள்வியே தவறு. டார்பாலைப் பற்றி முதலில் பேசுங்கள்.

வேர்ப்பயனர்: டார்பாலின் கையொப்பத்தைப் பற்றித்தான் காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.